வலதுபக்கத்துப் பெட்டி

மார்ச் 4

ஆபரேட்டர் அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதற வேண்டாம். உள்ளே வக்கீல் யாரும் இல்லை. ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். அது தீர்ந்ததும் நீங்கள் உங்கள் ஏழு திரை தியேட்டரைப் பார்த்துக்கொள்ளலாம், நான் என் பள்ளிக்கூட வேனைப் பார்த்துக்கொள்கிறேன்.

போனில் கேட்டால் என்ன என்பீர்கள். என் போன் ரிப்பேர் கடையில் கிடக்கிறது. கொஞ்ச காலமாகவே அதில் யார் பேசினாலும் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது. நீங்கள் பேசினால் இன்னும் மோசம். வேண்டுமென்றே வாய்க்குள் முனகி என்னைக் கத்த வைக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் போன மாதம் பாதியில் வைத்துவிட்டேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "போன்ல ஒண்ணும் இல்லையேம்மா" என்கிறார். "இன்னொரு தடவை நல்லாப் பாருங்க" என்று அவரிடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மெசேஜ் என்றால் மூன்றாவது வரியில் நமக்குச் சண்டை வந்துவிடும். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். நீங்கள் ஆசைப்பட்டு வாங்கி, பிரிக்கக்கூட மனமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போன ஹோம் தியேட்டரை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறேன். ரிசீவர் என்று எழுதிய ஒரு கனமான பெட்டி, ஐந்து ஸ்பீக்கர், தரையில் வைக்கிற ஒரு பெரிய பாஸ் பெட்டி, பாம்புக்குட்டிகள் போல வயர். இதை மாட்டப் போகிறேன். எப்படி என்று எழுதுங்கள். கூட வந்த புத்தகம் எட்டு மொழியில் இருக்கிறது. எட்டிலும் எனக்குப் புரியவில்லை.

உனக்கு எதற்கு இது என்பீர்கள். சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. எனக்கு இந்த வீட்டில் பயமாக இருக்கிறது. அழைப்புமணி அடித்தால் சமையலறைப் பக்கம் கேட்கிறது. அங்கே போனால் சுவர்தான் நிற்கிறது. மாடியில் குடியிருப்பவர்கள் நடந்தால் பக்கத்து அறையில் யாரோ நடமாடுவதுபோல் இருக்கிறது. குழாய் சொட்டுவது, கதவு அசைவது எல்லாமே இடம் மாறிக் கேட்கிறது. பேய்ப் படம் பார்த்துக்கொண்டே உங்கள் தோளில் தூங்கிப்போனவள் நான். இப்போது வேனின் வீல் ஸ்பேனரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். சத்தமாக ஒரு படத்தை ஓடவிட்டால் மற்ற சத்தம் எதுவும் காதில் விழாது அல்லவா, அதற்குத்தான்.

இப்படிக்கு,
வேன்காரி


மார்ச் 9

வேன்காரி அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. புரொஜக்டர் அறையில் வைத்துப் படித்தேன். கீழே நூறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கையெழுத்தில் பயம் என்ற சொல்லை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். வாசல் பூட்டை மாற்று. மாடிவீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. நான் முனகுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்.

இனி பாடம். முதலில் எல்லா மின்சாரத்தையும் பிடுங்கு. ஸ்பீக்கர் வயரில் இரண்டு இழை ஒட்டிக்கொண்டிருக்கும், ஒன்றில் சிவப்புக் கோடு இருக்கும். நுனியில் விரல்நகம் அளவுக்குத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகளைத் திரி திரிப்பதுபோல் திரித்துக்கொள். ரிசீவரின் முதுகில் சிவப்பு, கறுப்பு என்று ஜோடி ஜோடியாகத் திருகுகள் இருக்கும். கோடு போட்டது சிவப்புக்கு, மற்றது கறுப்புக்கு. ஸ்பீக்கரின் முதுகிலும் அப்படியே. ஒரு சின்ன செம்பு முடிகூடப் பக்கத்துத் திருகைத் தொடக்கூடாது. தொட்டால் பெட்டி கோபித்துக்கொண்டு அணைந்துவிடும்.

நீ உட்காரும் இடத்தைப் பார்த்தபடி முன்னால் இடது, நடு, வலது. டிவிக்குக் கீழே நடு. மற்ற இரண்டும் உனக்குப் பின்னால், இரண்டு பக்கமும். பாஸ் பெட்டி எங்கே வைத்தாலும் முறைக்காது. டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே அந்தத் தட்டை மூக்கு வயர். இரண்டிலும் ARC என்று எழுதிய துளையில்தான் சொருக வேண்டும், வேறு துளையில் சொருகிவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

கடைசியில் ரிமோட்டில் சோதனைச் சத்தம் என்று ஒன்று வரும். மழை பெய்வதுபோல் உஸ்ஸென்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். எது பேசுகிறது என்று டிவியில் எழுத்து காட்டும். எழுத்தும் சத்தமும் ஒரே பக்கம் இருந்தால் நீ பாஸ்.

நீ என்னோடு இங்கே வந்திருந்தால் இதையெல்லாம் நானே செய்திருப்பேன். இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
முனகாத ஆபரேட்டர்


மார்ச் 15

ஆபரேட்டர் ஐயாவுக்கு,

வந்திருக்கலாம் என்ற பேச்சை மறுபடி எடுத்திருக்கிறீர்கள். நான் வராததற்குக் காரணம் அந்தக் குழந்தைகள்தான் என்று எத்தனை தடவை சொல்வது. வேனில் ஏறியதும் என் பின்னந்தலையைப் பார்த்து ஊர்க்கதை எல்லாம் சொல்கிற கூட்டம் அது. அவர்களை விட்டுவிட்டு உங்கள் ஊரில் சும்மா உட்கார்ந்து என்ன செய்ய. இந்தப் பத்தியை இதோடு நிறுத்துகிறேன்.

மாட்டிவிட்டேன். முதல் நாள் பெட்டி கோபித்துக்கொண்டது. நீங்கள் சொன்ன அந்த ஒரு முடிதான், நடு ஸ்பீக்கரில் நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பவும் உரித்து, திரித்து, திருகினேன். டிவி வயரை முதலில் தப்பான துளையில்தான் சொருகினேன், உங்களைத் திட்டவும் செய்தேன். பிறகு சத்தம் வந்தது. சோபாவில் கை கால் பரப்பி ராணி மாதிரி உட்கார்ந்தேன்.

ஆனால் பெயிலாகிவிட்டேன். டிவியில் "முன் இடது" என்று எழுத்து வரும்போது சத்தம் இடது பக்கம் வருகிறது. "நடு" என்னும்போதும் இடது. "முன் வலது" என்னும்போதும் இடது. பின்னால் இரண்டும் அப்படியே, கொஞ்சம் மெதுவாக. வலது வயரையும் இடது வயரையும் மாற்றி மாட்டினேன். அப்போதும் எல்லாம் இடதுதான். வயர் முழுவதையும் கழற்றி முதலில் இருந்து மாட்டினேன். இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கி இடம் மாற்றி வைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் ஏமாந்து பழைய சரக்கு எதையாவது வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை வேன் நிறையக் குழந்தைகளோடு வந்துகொண்டிருந்தேன். இடப்பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டது. வழிவிடலாம் என்று வலப்பக்கம் ஒதுக்கினேன். பைக் வலப்பக்கம் இருந்தது. வேனில் என்னோடு வருகிற அக்கா, குழந்தைகளை ஏற்றி இறக்குகிறவர், போட்ட சத்தத்தில்தான் திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. பைக் ஓட்டியவன் நிறுத்தி, "காது செவிடா?" என்று கத்திவிட்டுப் போனான். நானும் பதிலுக்கு ஏதோ கத்தினேன். வீட்டுக்கு வந்து வேனின் கண்ணாடிகளை எல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை துடைத்தேன்.

இப்படிக்கு,
பெயிலானவள்


மார்ச் 20

வீட்டில் இருப்பவளுக்கு,

சரக்கு நல்ல சரக்குதான். கடையில் ஓடவிட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன்.

நீ செய்த ஒவ்வொன்றையும் நானும் மனதுக்குள் செய்து பார்த்தேன். இடது வயரை வலதுக்கு மாற்றினால் சத்தமும் மாற வேண்டும். மாறவில்லை என்கிறாய். ஸ்பீக்கரையே தூக்கி மாற்றினால் கட்டாயம் மாறவேண்டும். அதுவும் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தியேட்டரில் வயர் இழுத்திருக்கிறேன். இப்படி ஒரு கோளாறு நடக்க வழியே இல்லை.

அதனால் ஒரு காரியம் செய். சோதனைச் சத்தத்தை ஓடவிட்டு, டிவியில் "முன் வலது" என்று வரும்போது எழுந்து போய் வலதுபக்கத்துப் பெட்டியின் வலையில் உள்ளங்கையை வை. பேசுகிற ஸ்பீக்கர் கையில் துடிக்கும். துடிக்கிறதா என்று மட்டும் எனக்கு எழுது. உடனே எழுது.

ஹார்ன் விஷயத்தை ஏன் கடைசியில் எழுதினாய். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நான்


மார்ச் 24

என்னங்க,

துடிக்கிறது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். "முன் வலது" என்று எழுத்து வந்தது. போய்க் கையை வைத்தேன். புறாவைக் கையில் பிடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அப்படித் துடித்தது. சத்தம் மட்டும் எனக்கு அந்தப் பக்கம், இடதுபக்கத்துப் பெட்டியிலிருந்து வந்தது. அங்கே ஓடிப்போய்க் கையை வைத்தேன். அது சும்மா இருந்தது, செத்ததுபோல. திரும்ப வலதுபக்கம் வந்தேன். துடிக்கிறது. கையை எடுத்துவிட்டேன், அதைத் தொடவே பயமாக இருந்தது.

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கிறேன். இல்லாத இடத்தில் சத்தம் கேட்பவர்களை என்னவென்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாரோ நடமாடுகிறார்கள் என்று நான் எழுதியதும் இதுதானே. எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நடு அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தெருவில் யாரோ ஒருவர் இருமுகிறார், அது என் தோளுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

நான் பைத்தியம் என்றால் நாளைக்குக் காலையில் எப்படி வேனை எடுப்பேன். எடுக்காவிட்டால் என்னவென்று சொல்வேன். யாரிடமும் சொல்லாதீர்கள். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

நான்தான்


மார்ச் 28

என் கண்ணம்மாவுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். உன் போனுக்கு அடித்து அடித்து அலுத்துவிட்டது, அந்தக் கடைக்காரன் எடுக்கக்கூட மாட்டேன் என்கிறான்.

நீ பைத்தியம் இல்லை. வீட்டிலும் யாரும் இல்லை. உன் வலது காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். சத்தம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும். ஒன்று மட்டும் கேட்டால் உலகத்தில் உள்ள எல்லாச் சத்தமும் அந்தப் பக்கம்தான் வரும். எங்கள் பழைய தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் ஒருவருக்கு இப்படி இருந்தது. இருட்டில் யாராவது கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் டார்ச் அடிப்பார். எல்லாரும் சிரிப்போம். உன் முதல் கடிதத்திலேயே எனக்கு இது பொறி தட்டியிருக்க வேண்டும்.

இடது காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு ஏதாவது சத்தத்தைக் கேட்டுப்பார். போனையும் நீ வலது காதில்தான் வைப்பாய், எனக்குத் தெரியும். நீ இடக்கைக்காரி, அந்தக் கை எப்போதும் எதையாவது செய்துகொண்டே இருக்கும்.

கேட்டுப்பார்த்த பிறகு வேன் பக்கம் போகாதே. டாக்டரிடம் போ. ஒரு பக்கக் காது மட்டும் போவது சும்மா விடுகிற விஷயம் இல்லை என்று இங்கே விசாரித்தேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அதுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நான் கிளம்பிய காலையில் நீ வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாய். பையோடு வந்து உன் வலப்பக்கம் நின்று, "நான் போகட்டுமா, வேண்டாமா? நீ வேணாம்னா போகலை" என்று சொன்னேன். நீ டயரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். மறுபடியும் சொன்னேன். நீ திரும்பவே இல்லை. சரி, பதில் கிடைத்துவிட்டது என்று பஸ் ஏறினேன். அன்றைக்கு நான் சொன்னது உன் காதில் விழுந்ததா?

உன்
புருஷன்


ஏப்ரல் 3

கண்ணம்மா,

பதில் வரவில்லை. கூரியர்காரன் கொடுத்துவிட்டதாகக் கையெழுத்தைக் காட்டுகிறான், அது உன் கையெழுத்துதான். படித்திருக்கிறாய்.

கோபமாக இருந்தால் திட்டி எழுது. வேனை மட்டும் எடுத்தாயா இல்லையா என்று ஒரு வரி எழுது. தெருவில் ஹார்ன் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

நான்


ஏப்ரல் 8

என்னங்க,

எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. கை வரவில்லை. எதை எழுதினாலும் அது உண்மையாகிவிடும்போல் இருந்தது.

உங்கள் கூரியர் கடிதம் மதியம் வேனுக்குக் கிளம்பும்போது வந்தது. பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு, மணி அடிக்கும்வரை நேரம் இருந்ததால் டிரைவர் சீட்டிலேயே படித்தேன். விரலால் இடது காதை அடைத்தேன். தெருவே அணைந்துவிட்டது. எதிரில் ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது, வாய் பேசாத லாரி. விரலை எடுத்தேன், எல்லாம் திரும்ப வந்தது. மறுபடி அடைத்தேன். அக்கா கதவைத் திறந்து வாயை வாயை அசைத்தார். விரலை எடுத்த பிறகு கேட்டேன், "மணி அடிச்சாச்சு, பிள்ளைங்க வராங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். இன்றைக்கு ஒரு நாள் மெதுவாக ஓட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளைகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். என் சீட்டுக்குப் பின்னால் உட்காருகிற வாயாடி, வலப்பக்கமாக எட்டி ஏதோ கதையை ஆரம்பித்தாள். எனக்கு முனகலாகக் கேட்டது, அதுவும் இடப்பக்கம். இத்தனை நாளும் அவள் சொன்ன கதையில் பாதியைக் கேட்காமலே "ஆமாடா கண்ணு" என்று சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அக்காவின் போனில் வேன் முதலாளியைக் கூப்பிட்டேன். இடது காதில் வைத்துப் பேசினேன். எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா. "எனக்கு ஒரு காது கேக்கலைங்க, வேற டிரைவரை அனுப்புங்க" என்றேன். அவர், "இந்த நேரத்துல நான் யாரை அனுப்புறது? ஒரு காது கேக்குதுல்ல, கண்ணாடியப் பார்த்து ஓட்டிட்டு வாம்மா" என்றார். மாட்டேன் என்றேன். வேலை போய்விடும் என்றார். "போகட்டும், ஆளை அனுப்புங்க" என்று வைத்துவிட்டேன். ஆள் வரும்வரை பிள்ளைகளோடு நடைபாதையில் நின்றேன். வந்த டிரைவர் பையன் சாவியை வாங்கி வண்டியை எடுத்தான், கியர் போடவே தெரியவில்லை. பிள்ளைகள் பின்கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டாக்டரிடம் போனேன். முள்கரண்டி மாதிரி இருந்த இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, அது ரீங்கரிக்கும்போதே என் நெற்றியின் நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?" என்றார். இடது என்றேன். அவர் முகம் மாறவில்லை, ஆனால் அதற்குப் பிறகு என்னோடு ரொம்ப மெதுவாகப் பேசினார், அதில்தான் நான் பயந்துபோனேன். ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்கவைத்தார்கள், டமடமவென்று அடித்தது, எல்லா அடியும் ஒரே பக்கம்.

வலது காது நரம்பின் மேல் ஒரு கட்டி இருக்கிறதாம். பட்டாணி அளவு. பரவுகிற ஜாதி இல்லை, ஆனால் வளர்கிற ஜாதி. வளர்ந்தால் மூளையை நெருக்கும், எடுத்துவிட வேண்டும் என்கிறார். எடுத்தாலும் அந்தக் காது திரும்பக் கேட்காது. முகம் ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாகிப்போக வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார். ஏற்கெனவே நான் அழகிதான் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், வாய் வரவில்லை. "இது எத்தனை நாளா?" என்று கேட்டதற்கு, "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்மா, மெதுவா மெதுவாப் போயிருக்கு, அதான் உங்களுக்குத் தெரியலை" என்றார்.

அப்படியென்றால் நீங்கள் கிளம்பிய காலையிலும் அது இருந்திருக்கிறது.

நீங்கள் கேட்டதே எனக்குத் தெரியாது. தலையைத் தூக்கினேன், நீங்கள் தெருமுனையில் பையோடு போய்க்கொண்டிருந்தீர்கள். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போகிறார் என்று நினைத்தேன். அதைத்தான் இத்தனை மாதமும் நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்தேன். போனில் கத்தியதெல்லாம் அதற்குத்தான். காதில் விழுந்திருந்தால் போகவேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன், நேரம் கடந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள், சனிக்கிழமை ஆபரேஷன். "கையெழுத்துப் போட வீட்டுக்காரர் வருவாரா?" என்று நர்ஸ் கேட்டார். வருவார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. தலையைத் திறப்பார்களாம். தனியாக என்னால் அந்தக் கட்டிலில் போய்ப் படுக்க முடியாது.

வந்தால், நான் கண் விழிக்கும்போது கட்டிலின் இடப்பக்கம் நில்லுங்கள். பழக்கத்தில் வலப்பக்கம் நின்று கூப்பிட்டு நான் திரும்பாமல் கிடந்தால் போய்விடாதீர்கள். சுற்றி வந்து இந்தப் பக்கம் கூப்பிடுங்கள்.

உங்கள்
மனைவி